ஜாதகப் பட்டியல் திறந்து கிடந்தது

புதன்கிழமை காலை மணி பதினொன்று இருக்கும். அவரைக்காய் ஆய்ந்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தேன். மேசைமேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அம்புக்குறி நகர்ந்தது. மவுஸ் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. தேங்காய் போடுகிறார்கள் என்று என் கணவர் விடிந்ததும் பொள்ளாச்சித் தோட்டத்துக்குப் போயிருந்தார். முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அம்புக்குறி இடப்பக்கம் போய் நின்றது. 'பெண்கள்' என்று நான் பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தது. அதற்குள் இருந்த பட்டியலைத் திறந்தது. பிறகு பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர ஆரம்பித்தது. ஒருவர் உட்கார்ந்து நிதானமாகப் படித்தால் எந்த வேகத்தில் நகருமோ, அந்த வேகத்தில் நகர்ந்தது.

திருடன் வந்திருந்தால் கத்தியிருப்பேன். நாலு வீட்டுக்குக் கேட்கிற தொண்டை எனக்கு. இதற்கு யாரைப் பார்த்துக் கத்துவது? அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின்மேல் போட்டு மூடினேன்.

அந்தப் பட்டியல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் ஆட்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பதை வேலையாக எடுத்துக்கொண்டேன். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, சத்தியமங்கலம், தாராபுரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜாதகம் வரும். நட்சத்திரம், எந்தக் கூட்டம், குலதெய்வக் கோயில் எங்கே, படிப்பு, வேலை, தோட்டம், போன் நம்பர், போட்டோ எல்லாவற்றையும் ஏற்றி வைப்பேன். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எங்களுக்குள் பங்காளிகள், பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அதனால் கூட்டம் பார்த்துப் பிரிப்பதே பாதி வேலை.

இப்போதெல்லாம் பையன்கள் ஜாதகம் மூட்டை மூட்டையாக வருகிறது. பெண் ஜாதகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. என்னிடம் அறுபத்து நாலு இருந்தது. ஒவ்வொன்றையும் வாங்கும்போது, பொருந்துகிற வீட்டைத் தவிர வேறெங்கும் போட்டோ போகாது என்று அந்தப் பெண்ணின் தாயிடம் வாக்குக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறேன். கொடுத்த வாக்கை நான் தவறவிட்டதும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

போட்டோ மட்டும் போயிருந்தால்கூட இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். பட்டியலின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். காதில் விழுந்ததையும் என் மனதில் பட்டதையும் அதில் எழுதுவேன். 'பெண்ணின் அப்பா பொழுது சாய்ந்தால் தண்ணி.' 'பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு, இப்போது இல்லை என்கிறார்கள்.' 'தாய்க்கு வாய் நீளம்.' மறதிக்கு ஆகட்டும் என்று ஆரம்பித்தது. பிறகு எனக்கு அதில் ருசி வந்துவிட்டது. ஆள் போனை வைத்த கையோடு உட்கார்ந்து எழுதுவேன். என் கணவருக்குக்கூடக் காட்டாத அந்தக் கட்டத்தை, துண்டுக்கு அடியில் யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள்.

வினை எப்படி வந்தது என்று நின்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம், ஈரோட்டுப் பக்கம் என்னைப் போலவே வரன் பார்க்கிற ஒரு அம்மாளிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. செல்லுக்கு வருவதையெல்லாம் நான் கம்ப்யூட்டரிலும் பார்க்கிற மாதிரி வைத்திருந்தேன், எழுத்து பெரிதாகத் தெரியும் என்று. 'ஜாதகம்' என்ற பெயரில் ஒரு ஃபைல். கூட ஒரு வார்த்தை இல்லை.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு தேங்காயைக் கொடுப்பதென்றாலும் 'நல்லா இருக்கீங்களா, சாப்டாச்சுங்களா' என்று கேட்காமல் கொடுக்க மாட்டார்கள். அந்த அம்மாள் ஒரு ஜாதகத்துக்கு ஒன்பது வரி நலம் விசாரிக்கிறவர். அன்றைக்கு ஒன்றுமே கேட்காமல் ஃபைலை மட்டும் அனுப்பியிருந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், அவசரத்தில் இருக்கிறார்போல என்று நினைத்தேன். திறந்தேன், திறக்கவில்லை. மூன்று தரம் அமுக்கினேன்.

ஆன்டிவைரஸ் என்ற காவல்காரன் இருந்திருந்தால் தடுத்திருப்பான். அவனையும் நானே அனுப்பி வைத்திருந்தேன். ஜாதகம் கணிக்கிற ஒரு சாஃப்ட்வேரை உறவுக்காரர் ஒருவர் ஓசியில் போட்டுக் கொடுத்திருந்தார். ஆன்டிவைரஸ் இருந்தால் அது ஓடாது, அணைத்துவிடுங்கள் என்றார். அணைத்தேன். ரெண்டு வருடமாக அணைந்தே கிடந்தது.

சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்திலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவர் முன்பு டி.வி. மெக்கானிக்காக இருந்தவர். வயது ஐம்பதுக்கு மேல். செல்லை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க்கா, மொதல்ல இன்டர்நெட்டைப் புடுங்குங்க. செவுத்துல வெள்ளைப் பொட்டி இருக்குமுங்கல்ல, அதுக்குக் கரண்டு வார வயரைக் களட்டிப் போடுங்க. லைட்டெல்லாம் அணையோணும்."

"சரிங்க."

"ஏனுங்க இத்தனை மெதுவாப் பேசறீங்க?"

"அதுக்குக் கேட்டுருமோன்னு பயமா இருக்குதுங்க."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "கேக்கறதுக்கும் வழி இருக்குதுங்க்கா. மேல கேமராவும் மைக்கும் இருக்குதுங்கல்ல? நீங்க வயரைக் களட்டுங்க, நான் வாரேன்" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் நான் போன் பேசுவேன். நேற்று மத்தியானத்திலிருந்து யார் யாரைப் பற்றி என்னென்ன பேசினேன் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சுவர் ஓரமாகவே நடந்து போய், திரையைப் பார்க்காமல், வெள்ளைப் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அணைந்தன. துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அம்புக்குறி பட்டியலின் நடுவில், ஒரு பெண்ணின் பெயர்மேல் நின்றிருந்தது.

அப்போது செல் அடித்தது. அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு பையனின் தாய்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? ஜாதகம் அனுப்பிச்சிருக்கீங்க, அது தெறக்கவே மாட்டேங்குதுங்க. செல்லுல பாத்தேன், பையன் லேப்டாப்புலயும் போட்டுப் பாத்துப்போட்டேன். நாலு தரம் அமுக்கியாச்சுங்க."

நான் எதுவும் அனுப்பவில்லை. செல்லில் மெசேஜ்களைத் திறந்து பார்த்தேன். என் பெயரில், வரிசையாக எல்லா வீட்டுக்கும், 'ஜாதகம்' போயிருந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. "அமுக்காதீங்க, தொடாதீங்க, லேப்டாப்பை அணைச்சுப் போடுங்க" என்று அந்த அம்மாளிடம் என்னவோ உளறினேன். வைத்ததும் அடுத்த போன். அதற்குள் இன்னொன்று. பெண் கிடைக்காதா என்று வருடக்கணக்காகக் காத்திருக்கிற வீடுகள் அவை. என்னிடமிருந்து ஜாதகம் வந்தது என்றால் திறக்காமல் விடுவார்களா? அரை மணி நேரத்தில் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். ஒன்பது பேரும் திறந்து பார்த்தாகிவிட்டது என்றார்கள்.

நடுவில் என் கணவருக்குப் போன் செய்தேன். "நீ எதையாச்சும் அமுக்குனியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். முப்பத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அவரிடம் அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை.

கடைக்காரர் வந்தார். துண்டைப் பார்த்தார், எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். கம்ப்யூட்டரை அணைத்து, தான் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே ஓட வைத்தார். உள்ளே இருப்பதை எழுப்பாமல் வெளியிலிருந்து தேடுவதற்கு அதுதான் வழி என்றார். திரையில் எண்கள் ஓடின. கண்டுபிடித்த வைரஸ் ஒன்று என்று வந்தது. பிறகு மூன்று. பிறகு பதினொன்று. ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்கு உட்கார்ந்திருப்பதுபோல் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"நேத்து வந்தது இதுங்க. வேற எங்கியோ உக்காந்துட்டு உங்க கம்ப்யூட்டரை ஓட்டறதுக்கு. உள்ள கைக்குச் சிக்கற ஃபைலோட பேரைத் தனக்கு வெச்சுக்கிட்டு, உங்க பேருல அடுத்த ஊட்டுக்குப் போயிரும்" என்றார். இன்னொரு வரியைக் காட்டினார். "இது அப்படி இல்லீங்க. ஜாதகம் போடற சாஃப்ட்வேருக்குள்ளயே வந்திருக்குது. ரண்டு வருசமா இங்கதான் குடியிருக்குது."

ரெண்டு வருடம் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

பதினொன்றையும் அழித்தார். மறுபடி தேடினார், இன்னும் இரண்டு வந்தது. "இதுல ஒட்டுப் போட்டுப் பிரயோஜனமில்லீங்க்கா, மொத்தமாத் தொடச்சுப் புதுசாப் போட்டரலாம்" என்றார். செல்லிலிருந்து கம்ப்யூட்டருக்கு இருந்த தொடர்பைத் துண்டிக்கச் சொன்னார். என் செல்லிலேயே எல்லா பாஸ்வேர்டையும் ஒவ்வொன்றாக மாற்ற வைத்தார். ஒரே பாஸ்வேர்டை மூன்று தரம் தப்பாக அடித்தேன். துடைப்பதற்கு முன்னால் போட்டோக்களையும் பட்டியலையும் தனியாக எடுத்து, அவற்றில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

பார்க்கும்போது பட்டியல் திறந்தது. அவருடைய கண் கடைசிக் கட்டத்தில் நின்றதைப் பார்த்தேன். இரண்டு மூன்று வரி படித்திருப்பார். கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் எதுக்குங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

"இதை அவுங்க எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தெறந்திருக்காங்க, அது தெரியுது. பத்தே முக்காலுக்கு ஒரு தரம், பதினொண்ணுக்கு ஒரு தரம். எடுத்தாங்கன்னும் சொல்ல முடியாதுங்க, எடுக்கலைன்னும் சொல்ல முடியாதுங்க."

"உங்களுக்கே தெரியாதுங்களா?"

"யாருக்கும் தெரியாதுங்க்கா. வெளிய வந்தா அன்னிக்குத் தெரியும்."

கம்ப்யூட்டர் நாலு மணிக்குள் சரியாகிவிட்டது. புதிதாக, சுத்தமாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது. சரியாகிவிட்டதே என்று எனக்கு நிம்மதி வரவில்லை. வெளியே வந்தால் அன்றைக்குத் தெரியும் என்ற வார்த்தைதான் காதுக்குள் நின்றது.

ஆறு மணிக்கு என் கணவர் வந்தார். அவரிடம் உண்மையைச் சொன்னேன், மூன்று தரம் அமுக்கியதையும், குறிப்பு என்று ஒரு கட்டம் இருப்பதையும். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவர் திட்டாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஃபைலைத் தெறக்க வேண்டாம்னு மட்டும் எல்லார்த்துக்கும் சொல்லிப்போடு. அந்தப் பட்டியலைப் பத்தி வாயே தெறக்காதே. தெரிஞ்சா நாம ஒரு கல்யாண ஊட்டுக்குப் போயி உக்கார முடியாது" என்றார்.

அப்படிச் சொல்லமாட்டாரா என்றுதான் நானும் காத்திருந்தேன். உடனே எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினேன். 'வணக்கமுங்க. என் நம்பரிலிருந்து வந்த ஜாதகத்தைத் திறக்க வேண்டாமுங்க. அதில் வைரஸ் இருக்கிறது. திறந்திருந்தால் கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். சிரமத்துக்கு மன்னிக்கணுமுங்க.' ஈரோட்டு அம்மாளுக்கும் சொன்னேன். எல்லோரும் பதில் போட்டார்கள். பரவாயில்லைங்க, உடம்பைப் பாத்துக்குங்க என்று போட்டார்கள். ஒவ்வொரு பதிலைத் திறக்கும்போதும், என் எழுத்து அதில் திரும்பி வந்திருக்குமோ என்று பார்த்துப் பார்த்துத் திறந்தேன்.

வியாழக்கிழமை காலை இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரி வரியாக நான் எழுதியதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எதை எதையோ மறந்துவிடுகிற எனக்கு, அறுபத்து நாலு பெண்ணுக்கும் எழுதியது அப்படியே மனப்பாடமாக இருந்தது. அதில் ஒன்றைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சத்தியமங்கலத்துப் பெண் அவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபம் பேசி, பிறகு அந்தக் கல்யாணம் நின்றுபோனது. அதன்பின் அவள் தாய் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்து, ஜாதகத்தை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். "நின்னு போனதைப் பெருசு பண்ணாத எடமாப் பாருங்க" என்றாள். அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் நான் குறிப்பு எழுதிவிட்டேன்.

அது போட்டோவோடும் போன் நம்பரோடும் ஊரில் சுற்றினால் அந்தப் பெண்ணின் கதி என்ன? அவளாவது முன்னாலேயே தெரிந்துகொண்டு தயாராக இருக்க வேண்டாமா? கணவர் குளிக்கப் போயிருந்தார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் செல்லை எடுத்து அவள் தாயின் நம்பரைப் போட்டேன். எடுத்தது அந்தப் பெண்.

"சொல்லுங்கத்தை, நல்லா இருக்கீங்களா? அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க. இன்னிக்கு ஒம்பதாவது வாரமுங்க, நெய் வெளக்குப் போடறதுக்கு."

தாயிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டிருக்கலாம். வைத்தால் மறுபடி எனக்குத் தைரியம் வராது. "கண்ணு, ஒரு தப்பு நடந்து போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைல், வைரஸ், பட்டியலை யாரோ திறந்து படித்தது, போட்டோ. பட்டியலில் ஒவ்வொருவரைப் பற்றியும் நான் குறிப்பு எழுதியிருந்தது.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "என்னைப் பத்தி என்னங்கத்தை எழுதியிருந்தீங்க?"

"அது எதுக்குக் கண்ணு இப்ப."

"ஊரே படிக்கப் போகுதுங்கறீங்க. நான் தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா?"

வேறு வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "நிச்சயம் ஆகி நின்றது. காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பெண்ணிடம் ஏதோ இருக்கிறது. ஜாக்கிரதை."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.

"காரணம் இருந்துச்சுங்கத்தை. அப்பாவுக்குக் கேன்சர்னு அந்த மாசம்தான் தெரிஞ்சுது. ஆறு மாசம் தள்ளி வெக்கலாமுங்களான்னு கேட்டோம், மாப்பிள்ளை ஊட்டுல முடியாதுன்னுட்டாங்க. அப்பாகிட்ட நாங்க இன்னும் சொல்லலீங்க. வெளிய சொன்னா அவரு காதுக்குப் போயிருமுன்னுதான் யார்த்துகிட்டயும் சொல்லல. நீங்க கேட்டிருந்தா, உங்களுக்கு மட்டும் அம்மா சொல்லியிருப்பாங்க."

நான் கேட்கவில்லை. கேட்காமலேயே எழுதினேன்.

"இதை வேற யார்த்துக்காச்சும் சொல்லியிருக்கீங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இந்த இரண்டு நாளில் எவ்வளவோ நடுங்கிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் நடுங்கியதுபோல் எதற்கும் நடுங்கவில்லை. "மூணு ஊட்டுல உன்னையப் பத்தி விசாரிச்சாங்க கண்ணு. பட்டியலைத் தெறந்து, இருந்ததைப் படிச்சுச் சொன்னேன்" என்றேன்.

"மூணு பேருமே பொண்ணு பாக்க வாரேன்னு சொல்லி நாள் குறிச்சாங்க. அப்பறம் வரவே இல்லீங்க." அவள் குரல் உயரவில்லை. "ஜாதகத்துல தோசம்னு அம்மா கோயில் கோயிலாப் போயிட்டு இருக்காங்க. நானும்தான் வாரா வாரம் பட்டினி கெடக்கறேன்."

மன்னிச்சிரு கண்ணு என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்றுகூட இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. திட்டினால் தேவலை என்று காத்திருந்தேன்.

"காலேஜுக்கு நேரமாச்சுங்கத்தை" என்றாள். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். வெச்சரட்டுங்களா?"

நான் சரி என்று சொல்லும்வரை அவள் போனை வைக்கவில்லை.